எட்டாம் மாடிக் காற்று

ரேடியேட்டர் மூச்சு விடுகிறது என்று முதலில் சொன்னவன் ஆசென்தான். ஆறு வயதுப் பையன் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டிருந்தால் வீட்டு வேலை நடந்த மாதிரிதான். வெலிச்கா அவன் கழுத்துவரை கம்பளியை இழுத்துவிட்டு, "குழாயில காத்து அடைச்சிருக்குடா, வருஷா வருஷம் நடக்கறதுதானே" என்று சொல்லிவிட்டு அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போனாள்.

நடக்கிறதுதான். பெர்னிக் நகரில் குளிர் தொடங்கி, ஊருக்கே பொதுவான வெப்ப நிலையத்தில் வெந்நீரைத் திறந்துவிட்டார்கள் என்றால் அது கட்டிடத்தின் அடித்தளத்துக்கு வந்து, அங்கிருந்து ஒரே குழாயாக ஒவ்வொரு மாடியின் படுக்கையறையையும் துளைத்துக்கொண்டு எட்டாம் மாடிவரை ஏறும். கோடை முழுக்கக் குழாய்க்குள் சேர்ந்த காற்று தண்ணீருக்கு முன்னால் ஏறிவந்து உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கும். உச்சி என்பது வெலிச்காவின் வீடு. அவள் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் ஓரத்தில் இருக்கும் சின்ன மூக்கில் சாவியைப் போட்டுத் திருகி அந்தக் காற்றை வெளியே விட்டால்தான் கீழே ஏழு வீடுகளுக்கும் சூடு வரும். விடாவிட்டால் கீழ்வீட்டுக்காரர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக் குழாயில் தட்டுவார்கள். அந்தக் கட்டிடத்தில் யாரும் யாரையும் போனில் கூப்பிட்டுத் திட்டுவதில்லை, குழாய் எதற்கு இருக்கிறது? மூன்று தட்டு என்றால், காற்றைத் திறந்துவிடு. விடாமல் தட்டினால், போதும், நிறுத்து.

பத்து வருஷமாக அந்தக் குழாயோடு குடித்தனம் செய்கிறவள் அவள். தண்ணீர் களகளவென்று உருளுவதும், இரும்பு சூடேறும்போது சொடக்கு விடுவதும், எங்கோ கீழே பம்பு முனகுவதும் அவளுக்குத் தாலாட்டு மாதிரி பழகிப்போனவை. ஆனால் அன்று மாலை, நாலரைக்கே இருட்டிப்போய், நிலக்கரிப் புகை ஜன்னல் கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்த நேரத்தில், பாத்திரத்தையும் துணியையும் சாவியையும் எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் முன்னால் மண்டியிட்டபோது அவள் கேட்ட சத்தம் வேறு. அடியாழத்திலிருந்து ஏதோ ஒன்று நீளமாக, ஈரமாக, ஆவலோடு உள்ளே இழுத்தது. பிறகு ஒரு நிறுத்தம். பிறகு அவள் முகத்துக்கு நேராக, இரும்புக்கு உள்ளே, மெதுவாக வெளியே விட்டது.

அவள் சாவியைத் திருகினாள். எப்போதும் உஸ்ஸென்று கொஞ்ச நேரம் சீறிவிட்டுக் கறுப்புத் தண்ணீரைத் துப்பும். இந்த முறை தண்ணீர் வரவேயில்லை. காற்று வந்தது, வந்துகொண்டே இருந்தது. வெதுவெதுப்பாக மணிக்கட்டில் பட்டது. துருவாடை இல்லை. அதில் மட்டமான புகையிலையின் வாடை இருந்தது. ஏழாம் மாடி ஸ்தமாத் அண்ணன் பால்கனியில் நின்று ஊதித்தள்ளும் அதே புகையிலை. குழாய் போகிற ஓட்டை வழியாகக் கீழிருந்து வருகிறது போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர மனசு ஒப்பவில்லை.

கட்டிலிலிருந்து ஆசென் பார்த்துக்கொண்டிருந்தான். புகை மூடிய நாட்களில் அவன் நெஞ்சு விசில் அடிக்கும். நெபுலைசரின் முகமூடியை மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, மருந்தை உறிஞ்சிக்கொண்டு கிடப்பான். "நல்லா இருக்கும்மா அந்த வாசனை" என்றான். அவள் சாவியை மூடினாள். உடனே கீழிருந்து மூன்று தட்டு வந்தது.

மறுநாள் தட்டுவதோடு நிற்கவில்லை, நேரிலேயே வந்துவிட்டார்கள். கட்டிடத்துக்குப் பொறுப்பாக இருக்கும் ஆறாம் மாடி பென்கா அக்கா முன்னால், கையில் பெரிய ஸ்பானரோடு ஸ்தமாத் பின்னால். காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்கள்.

"வெலிச்கா, நீ வேணும்னே பண்றியா, இல்ல சாவி திருகக் கையில தெம்பு இல்லையா?" என்றாள் பென்கா. "என் வீட்டு ரேடியேட்டர்ல இறைச்சி வச்சா ஒரு வாரம் கெடாது. அஞ்சாம் மாடி யோனா கைக்குழந்தைக்கு மூணு ஸ்வெட்டர் மாட்டி வச்சிருக்கா."

"காலையிலேர்ந்து விட்டுக்கிட்டேதான் இருக்கேன்க்கா. முடிய மாட்டேங்குது."

"முடிய மாட்டேங்குதாம். இவ வீட்டுல மட்டும் காத்து முளைக்குதாம்" என்று ஸ்தமாத் இருமிக்கொண்டே சிரித்தார். அந்த மனிதர் இருமாமல் ஒரு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை. "சாயங்காலமானா குழாய்ல யாரோ குறட்டை விடறாங்கம்மா. உன் புருஷன் ஜெர்மனியில லாரி ஓட்டறான். அப்போ இங்க குறட்டை விடறது யாரு?"

வெலிச்காவுக்குக் காது மடல்வரை எரிந்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பென்கா விரலை நீட்டினாள். "சனிக்கிழமை வரைக்கும் பொறுப்போம். சரியாகலேன்னா ஏழாம் மாடிக்கு மேல குழாயை வெட்டி மூடிடுவோம். எல்லாரும் சரின்னுட்டாங்க."

"அக்கா, பையனுக்கு மூச்சுப் பிரச்சனைன்னு தெரியும்ல? கரண்ட் ஹீட்டர் போட்டா காத்து காஞ்சு போய் அவனுக்கு இழுப்பு வந்துடும். போன வருஷம் ஆஸ்பத்திரியில கிடந்தானே."

"எங்களுக்கெல்லாம் மூச்சு இல்லையா?" என்றார் ஸ்தமாத். போகிற போக்கில் ஸ்பானரால் அவள் கதவு நிலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். நாசமாய்ப் போக என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். கதவைச் சாத்தியபிறகுதான் சொன்னாள்.

பிளம்பர் கீரோ வெள்ளிக்கிழமை வந்தான். வாய்ச்சவடால் பேர்வழி. அடித்தளத்தில் பம்பைக் கழற்றி மாட்டினான், வடிகட்டியைக் கழுவினான், ஒவ்வொரு வீடாக ஏறிக் குழாயைத் தடவிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், எங்கெங்கே வால்வு பாதி மூடியிருக்கிறது என்று திட்டிக்கொண்டே திறந்துவிட்டான். கடைசியில் எட்டாம் மாடிக்கு வந்து தலையைச் சொறிந்தான்.

"அழுத்தம் காட்டற முள்ளு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. எங்கயும் ஒழுகல."

"ஒழுகலேன்னா காத்து எங்கேர்ந்துப்பா வருது?"

"எங்கயோ உள்ள இழுக்குது. அதுல சந்தேகமே இல்ல. எந்த வீட்டுலன்னு கண்டுபிடிக்கணும்னா எட்டு வீட்டுத் தரையையும் பேக்கணும், அவங்க என்னைப் பேத்துருவாங்க." அவன் பையிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாயை எடுத்து ரேடியேட்டர் மூக்கில் மாட்டி, மறுமுனையை ஊறுகாய் ஜாடித் தண்ணீருக்குள் விட்டான். சாவியைக் கால் திருகு திறந்தான். தண்ணீரில் குமிழி வந்தது. "இனிமே இதை மூடாதீங்க. ராத்திரி பகல் திறந்தே கிடக்கட்டும். வர்ற காத்து வந்துக்கிட்டே போயிடும், கீழ எல்லாருக்கும் சூடு ஏறும். இதெல்லாம் ஒரு வேலையா எனக்கு?"

ஒரு கிண்ணம் ராக்கியாச் சாராயத்தை ஊற்றிக் குடித்துவிட்டுப் போனான். சும்மா சொல்லக் கூடாது, அவன் சொன்னபடியே நடந்தது. அரைமணி நேரத்தில் குழாய் கொதித்தது. முனகல் அடங்கியது. கீழே யாரும் தட்டவில்லை. வெட்டி மூடும் பேச்சை இனி எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தபோது வெலிச்காவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஜாடியில் குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. கொத்தாக வரும். நிற்கும். மறுபடி கொத்தாக வரும். ஆசென் கட்டிலில் படுத்து அதையே பார்த்தபடி தூங்கிப்போனான், அவன் நெஞ்சில் விசில் இல்லை.

காலையில் அவனை எழுப்பப் போனவள் ரப்பர் குழாயின் முனை ஜாடியில் இல்லாததைக் கண்டாள். அது அவன் தலையணையில் கிடந்தது. நனைந்திருந்தது. முனையில் பல்தடம் இருந்தது.

நெபுலைசர் குழாயைக் கடிக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு, திட்டியும் இருக்கிறாள். தூக்கத்தில் அதுதான் என்று நினைத்து எடுத்திருப்பான் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். கன்னம் ஆப்பிளாகச் சிவந்திருந்தது. ஒரு மாதமாகச் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவன் மூன்று துண்டு ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் கேட்டு வாங்கித் தின்றான். தின்றுவிட்டு ஒரு தரம் இருமினான். ஆழமாக, கரகரவென்று, நாற்பது வருஷம் புகைபிடித்த ஆளைப் போல.

அன்று காலை முழுக்க ஏழாம் மாடியிலிருந்து இருமல் சத்தம் கேட்கவில்லை.

மதியம் ஆம்புலன்ஸ் வந்தது. லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது என்பதால் ஸ்தமாத்தை நாற்காலியில் கட்டிப் படிவழியாக இறக்கினார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த வெலிச்கா கைப்பிடிக் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். அவர் முகம் சாம்பலாக இருந்தது. வாய் திறந்து மூடியது, திறந்து மூடியது, உள்ளே எதுவும் போகவில்லை. நாற்காலி திரும்பும்போது அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு உண்மையைச் சொன்னால் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேண்டும் இந்த ஆளுக்கு என்று தோன்றியது. அப்புறம்தான் வெட்கம் வந்தது. மறுநாள் கட்டிட வாசல் கதவில் அவர் படம் போட்ட மரண அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள்.

ஆசென் அந்த இரண்டு நாளும் குதித்துக்கொண்டிருந்தான். படுக்கப் போகும்போது மட்டும் யாரும் சொல்லாமலே ரேடியேட்டர் பக்கம் தலைவைத்துப் படுத்தான்.

திங்கட்கிழமை பிற்பகல், வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரத்தில், பென்கா வந்தாள். இரண்டு மாடி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்துப் பிடித்து நின்றிருக்க வேண்டும். ஊரையே அதட்டும் அந்தக் குரல் காற்றுப்போன பந்தாகிவிட்டிருந்தது.

"மூடு" என்றாள். "அதை மூடிடு."

"என்னக்கா ஆச்சு? உக்காருங்க முதல்ல."

"என் ரூம்ல குழாய் உறிஞ்சுதுடி." ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று இழுத்தாள். "படுத்தா வாயிலேர்ந்து எடுக்குது. முகத்துக்குமேல யாரோ குனிஞ்சு உறிஞ்சற மாதிரி. எந்திரிச்சு சமையல் ரூமுக்குப் போனா அங்கயும் வருது. ஸ்தமாத்தும் இதத்தான் சொன்னான். நான்தான் குடிச்சிருக்கான்னு நினைச்சேன்." அவள் வெலிச்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் யார் கையையும் பிடித்து வெலிச்கா பார்த்ததில்லை. "சண்டையெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம். குழாயை வெட்ட மாட்டோம், சத்தியமா. மூடிடு."

வெலிச்கா ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. பென்கா படியிறங்கிப் போகுமுன்பே படுக்கையறைக்குப் போய்ச் சாவியை இறுகத் திருகினாள். ஜாடியில் குமிழி நின்றது. ஆசென் விளையாட்டுக் காரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

"ஏம்மா மூடறே?"

"கொஞ்ச நேரம்டா கண்ணு."

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. குழாய் உள்ளே இழுத்தது. எட்டு மாடி உயரத்துக்கும் இழுத்தது. இழுத்ததை வெளியே விட வழியில்லாமல் இரும்பு நடுங்கியது, சுவரில் பதித்த கொக்கிகள் நடுங்கின, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. ரேடியேட்டரின் மேற்பக்கம் சில்லிட்டு அந்தச் சில்லிப்பு கீழே இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு சத்தம் ஒளிந்திருந்தது, அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். விசில்.

ஆசென் தரையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் ஊன்றி, தோள் இரண்டும் காதுவரை ஏற, விலா எலும்பு ஒவ்வொன்றும் சட்டைக்கு வெளியே தெரிய இழுத்தான். இன்ஹேலரை அழுத்தினாள். கேட்கவில்லை. நெபுலைசரைப் போட்டாள். முகமூடியைப் பிடுங்கி எறிந்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். மலைச்சாலையில் பனி உறைந்து லாரி குறுக்கே நிற்கிறது, வழி விட்டதும் வருவார்கள், பையனை நிமிர்த்தி உட்கார வையுங்கள் என்றது ஒரு சலித்த குரல். உதடு நீலம் பாரித்தது. நகமும்.

அவன் தவழ்ந்தான். அவள் கையை உதறிவிட்டு ரேடியேட்டர்வரை தவழ்ந்து போனான். ரப்பர் குழாயை ஜாடியிலிருந்து எடுத்தான். முனையை வாயில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தான்.

பேச முடியவில்லை அவனால். கண்ணால் கேட்டான்.

அவள் திறந்தாள். பெற்றவள் வேறென்ன செய்வாள்.

உஸ்ஸென்று வந்தது. அவன் கன்னம் குழிய உறிஞ்சினான். ஓரத்தில் கசிந்த காற்றில் ஊறிய முட்டைக்கோஸின் புளிப்பு வாடை அடித்தது. பென்காவின் பால்கனியில் பீப்பாய் பீப்பாயாக ஊறுவது. விசில் குறைந்தது. தோள் இறங்கியது. உதட்டில் ரத்தச் சிவப்பு திரும்பியது.

கீழே தட்டினார்கள்.

மூன்று தட்டு இல்லை. விடாமல் தட்டினார்கள். போதும், நிறுத்து. இரும்புச் சத்தம். பிறகு கட்டைச் சத்தம். பிறகு வெறும் கையால் அடிக்கிற சத்தம். ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி நீண்டது.

இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கியது. கீரோ தேடிய ஓட்டை எங்கே என்று விளங்கியது. அது மாடி மாடியாக இறங்கிக்கொண்டே போகிறது. ஏழு. ஆறு. ஆம்புலன்ஸ் வந்ததும் மூடிவிடலாம் என்று நினைத்தாள். ஆக்ஸிஜன் வைத்திருப்பார்கள். வந்ததும் மூடிவிடலாம். ஜன்னலுக்கு ஓடினாள். புகை. பனி. தெருவில் ஒரு வெளிச்சமும் இல்லை.

தட்டல் நின்றுவிட்டது.

ஆசென் தொண்டையைச் செருமினான். "கையில தெம்பு இல்லையா" என்று முணுமுணுத்தான். அவன் குரல்தான். பேச்சு அவனுடையது இல்லை. மறுபடி முனையைக் கவ்வினான்.

எங்கோ கீழே ஒரு குழந்தை அழுதது. ஐந்தாம் மாடி யோனாவின் குழந்தை. தினமும் இந்த நேரத்துக்கு அழும், குழாய் வழியாகக் கம்பிபோல ஏறிவரும் அந்தச் சத்தம். இன்று பாதியில் அறுந்தது. மறுபடி தொடங்கியது. மறுபடி அறுந்தது.

அறையில் பால் வாடை.

தாய்ப்பால்.

"ஆசென், போதும்டா. விடு. விட்டுடு." குழாயைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பல் இறுகியிருந்தது. வலுக்கட்டாயமாக இழுத்ததும் முனை விடுபட்டது, அடுத்த கணமே விசில் வந்தது, தோள் ஏறியது, நீலம் ஏறியது. கண் செருகியது. அவள் அலறிக்கொண்டு முனையை அவன் வாயில் திணித்தாள்.

உறிஞ்சினான். சிவந்தான். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"இது இனிக்குதும்மா" என்றான்.

கீழே தட்டல் தொடங்கியது. ஏதோ கரண்டியால். வேகமாக, விடாமல், தட்டிக்கொண்டே இருந்தாள் யோனா. ஏதோ கத்தினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். வெலிச்கா என்றுதான் கத்தினாள். நானும் ஒரு தாய்தானே என்று கேட்பது போலிருந்தது, அல்லது வெலிச்காவுக்கு அப்படிக் கேட்டது.

கை சாவியில் இருந்தது. வலப்பக்கம் திருகினால் மூடும். முனையைக் கவ்வியபடியே பையன் மடியில் தூங்கிப்போயிருந்தான், கனமாக, கதகதப்பாக, ஒரு குறையும் இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு.

அவள் இடப்பக்கம் திருகினாள். இன்னும் கால் திருகு.

பிறகு தோளிலிருந்த கம்பளிச் சால்வையை எடுத்து, தட்டுகிற சத்தத்தில் பையன் விழித்துக்கொள்ளக் கூடாதென்று, குழாயைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.